தோல் கொடுத்தவரின் காது: திரைப்படத்தில் பாத்திரமும் ஒலியும்

 

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கான கேள்வியை நமக்குத் தந்தவர் ஒரு மாணவர். நம் மாலைநேரப் பள்ளியில் படித்து, பிறகு திரைப்படக் கல்வி கற்கச் சென்றவர். பாத்திர வடிவமைப்பு, ஒலி வடிவமைப்பு ஆகிய இரண்டும் அவருக்குப் பாடங்கள். விடுமுறைக்கு வந்தபோது தன் குறிப்பேட்டை நம் முன் வைத்தார். அதில் இரண்டு நிகழ்ச்சிகள் எழுதப்பட்டிருந்தன.

முதலாவது, வகுப்பில் கொடுத்த பயிற்சி. நகரத்து ரவுடி ஒருவனை வடிவமைக்க வேண்டும்: முடி, நிறம், உடை, நடை, பேச்சு. தாள்களைச் சுவரில் ஒட்டியபோது ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அவன் கறுப்பாக இருந்தான். வடசென்னைத் தமிழ் பேசினான், கானா பாடினான். அதற்குக் கீழே மாணவர் எழுதியிருந்த வரிதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது. அவருடைய தாளிலும் அந்த ரவுடி அவருடைய சொந்த அண்ணனின் சாயலில்தான் இருந்தானாம். அண்ணன் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு வழக்கும் இல்லாதவர்.

இரண்டாவது, ஒலிப் பயிற்சி. ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒலி ஒன்றைப் பதிவு செய்து ஒலி நூலகத்துக்குத் தர வேண்டும். இவர் நம் பிள்ளைகள் பறை பழகும் சத்தத்தைப் பதிந்து கொடுத்தார். அது ‘சாவு’ என்று பெயரிட்ட கோப்புறையில் சேர்க்கப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பறைக்கென்று அங்கே வேறு கோப்புறை இருந்ததில்லை.

நாம் இன்று யாரை நினைவுகூரக் கூடியிருக்கிறோமோ, அவரிடம்தான் அந்த மாணவர் பறை பழகினார். ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார். ஊர்ச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று சொல்லி, வேலையும் கடன்கணக்கும் தண்ணீரும் மறுக்கப்பட்டு நின்றவர் அவர். பிறகு அதே பறையை மாலைப் பள்ளியில் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். சாவுக்கு அடிக்க மறுத்தவரின் அடவு சாவுக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்தது எப்படி? ஒரு கல்வி நிறுவனத்தின் தவறாக மட்டும் இதைப் பார்த்தால் பதில் கிடைக்காது. நூற்றாண்டுகளின் வரலாறு இதற்குள் இருக்கிறது.

நந்தனின் தோல்

பெரியபுராணத்திலிருந்து தொடங்குவோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய அந்த நூலில், ஆதனூர் நந்தன் கோயில்களுக்குச் செய்யும் தொண்டு என்ன? முழவுகளுக்குத் தோலும் வாரும் தருகிறார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தருகிறார். கோயிலுக்குள் எழும் இசைக்கான பொருள் அவர் கையிலிருந்து போகிறது. அவரோ வெளியே நிற்கிறார். ஒலி உள்ளே, உடல் வெளியே. இசைக்கருவியைத் தொட்ட கை தீட்டு, அந்தக் கருவியின் நாதம் புனிதம். சாதி ஒலியைப் பங்கிட்ட முறை இதுதான்.

கதையின் முடிவையும் கவனியுங்கள். தில்லையில் நெருப்புக்குள் இறங்கும் நந்தன், பூணூலும் சடையும் கொண்ட முனிவராக வெளியே வருகிறார். பாத்திர வடிவமைப்பின் மொழியில் சொன்னால், கடைசிக் காட்சியில் அவருடைய தோற்றமே மாற்றப்படுகிறது. பழைய தோற்றத்தோடு உள்ளே நுழைய அந்தக் கதை அவரை விடவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனை வடிவம் இந்தக் கதைக்கு வேதியர் என்ற நிலவுடைமையாளரைச் சேர்த்தது. சேக்கிழாரிடம் அப்படியொருவர் இல்லை. பண்ணையடிமையின் வாழ்வு கதைக்குள் வந்தது உண்மை. ஆனால் கெஞ்சுகிறவர், அனுமதி கேட்கிறவர் என்று நந்தன் உறுதியாக வார்க்கப்பட்டதும் அப்போதுதான்.

இதற்கு மறுப்பு எழாமல் இல்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். ஒரே பெயர், ஒன்றில் வாசலில் நிற்கும் தொண்டன், மற்றொன்றில் அரசன். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குப் படைத்தார். பாத்திரத்தை வடிவமைப்பது வரைபலகை வேலை மட்டுமல்ல, வரலாற்று வேலை என்பதை நம் முன்னோர் கேமரா கைக்கு வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

திரை பேசத் தொடங்கியபோது

தென்னாட்டில் திரை பேசுவதற்கு முன்பே ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இந்தச் சிக்கல் வெடித்தது. ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தில் பி.கே. ரோசி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் காட்டப்பட்டபோது திரையின் மீது கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று; மிச்ச வாழ்வைத் தமிழ்நாட்டில் பெயர் வெளியே தெரியாமல் கழித்தார். அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை. ஒலி இல்லாத படம் அது. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த உடல் அந்தப் பாத்திரத்தை ஏற்றதே குற்றமாயிற்று.

1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ்த்திரை பேசத் தொடங்கியது; பேசியதைவிடப் பாடியது அதிகம். நாடகக் கம்பெனிகளில் பாடிப் பழகிய குரல்களுக்கே முதலிடம். 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தபோது நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அதற்காக அவருக்குத் தரப்பட்ட 1 லட்சம் ரூபாய் அந்நாளில் பெரும்பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் எம்.எம். தண்டபாணி தேசிகர். இருவரும் பெரும் கலைஞர்கள்; அவர்களுடைய பாட்டை நாம் குறை சொல்லவில்லை. நந்தனின் சேரி அந்தப் படங்களில் எப்படி ஒலித்தது என்பதே நம் கேள்வி. நந்தன் செவ்வியல் இசையில் பாடினால்தான் உயர்ந்த பாத்திரம் ஆனார். அவருடைய தெருவின் ஒலி அவருக்கு உயர்வு தரும் என்று யாரும் நினைக்கவில்லை.

குரல் ஒருவருக்கு, உடல் ஒருவருக்கு

1952இல் ‘பராசக்தி’ வந்தது. வசனமே படத்தை இழுத்துச் செல்லும் காலம். நீதிமன்றத்தில் நின்று அநீதியைக் கேட்கும் குரல் அரசியலில் பெரிய திறப்பு; நம் பெற்றோரின் தலைமுறை அதைக் கேட்டுத்தான் வளர்ந்தது. ஆனால் அதன் மறுபக்கத்தில், நல்ல தமிழில் நீண்டு பேசத் தெரிந்தவரே நாயகர் என்ற விதியும் உறுதியானது. சென்னைத் தமிழ் சிரிப்புக்கு ஒதுக்கப்பட்டது. சந்திரபாபு போன்றோர் அதை அற்புதமாகப் பேசினார்கள். ஆனாலும் அந்தத் தமிழில் ஒருவர் துக்கப்படலாம், சிந்திக்கலாம், சட்டம் பேசலாம் என்பதற்குத் திரையில் இடம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

1970களின் பிற்பாதியில் கேமரா கிராமத்துக்குப் போனது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யில் கிராமத்து மெட்டுகளைத் திரைக்குள் கொண்டுவந்தார். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வயலையும் வாய்க்காலையும் காட்டியது. படம் பிடிப்பது ஊரில்; குரல் பதிவோ சென்னை ஒலிக்கூடத்தில். சத்தம் போடும் கேமராக்களை வைத்துக்கொண்டு வெளிப்புறத்தில் நேரடி ஒலிப்பதிவு செய்வது கடினம், எனவே டப்பிங். காரணம் தொழில்நுட்பம்தான், விளைவு சமூகம் சார்ந்தது. சேரி மக்கள் கூட்டமாகத் திரையில் நிற்பார்கள். அவர்களுக்கான கூச்சலை யாரோ சிலர் குளிர்சாதன அறையில் மைக் முன் நின்று எழுப்புவார்கள். உடல் நம்முடையது, குரல் வேறொருவருடையது. நந்தன் கதை தலைகீழாக நடந்தது.

அந்த ஏற்பாட்டில் பறைக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் இரண்டுதான்: சாவு ஊர்வலம், குத்தாட்டம். திரையிலும் ஒலிக்கூடத்திலும் இப்படிப் பழகிப் போனதுதான் அந்தக் கோப்புறையின் பெயர்.

யாருடைய காதால் கேட்கிறோம்?

நம் மாணவர் குறிப்பேட்டில் எழுதியிருந்த ஒரு பாடம் முக்கியமானது. ஒரு காட்சியை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று கேட்பதைப் போலவே, யாருடைய காதால் கேட்கிறோம் என்றும் கேட்க வேண்டும். பாத்திரத்துக்கு உடை தைத்து, வசனம் எழுதினால் போதாது. அவருக்கு எந்தச் சத்தம் பயம் தரும், எது நிம்மதி தரும், எது காதில் விழாமலே போகும் என்று தெரிந்தால்தான் அவர் முழு மனிதர். சுருக்கமாகச் சொன்னால், தமிழ்த்திரை நம்மை வெகுகாலம் சத்தமாக வைத்திருந்தது. கேட்கும் மனிதராக வைத்திருக்கவில்லை.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்றி’ (2013) இதை மாற்றிக் காட்டியது. பள்ளி மாணவன் ஜப்யாவின் குடும்பம் ஊர்ப் பன்றியைப் பிடிக்க ஓடுகிறது. பன்றி கைக்கெட்டும் நேரத்தில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் ஒலிக்கிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது. பன்றி தன் வழியில் போகிறது. பள்ளிக்குள் நிற்கும் பிள்ளைகளுக்கும் வெளியே வலையோடு நிற்கும் ஜப்யாவுக்கும் அதே கீதம். ஆனால் ஜப்யாவின் காதில் அது வேறாக விழுகிறது. வசனமே இல்லாமல் குடியுரிமை பற்றிய ஒரு முழு விவாதம் நடந்து முடிந்துவிடுகிறது. படத்தின் முடிவில் ஜப்யா எறியும் கல் கேமராவை நோக்கி வருகிறது. ரோசியின் திரை மீது அன்று விழுந்த கல்லுக்குத் திரைக்குள்ளிருந்து வந்த பதிலாகவே அதை நாம் வாசிக்கிறோம்.

தமிழில் 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யும் 2014இல் ‘மெட்ராஸ்’ படமும், வடசென்னையிலும் புறநகரிலும் காதலிக்கிற, பந்தாடுகிற, படிக்கிற இளைஞர்களைக் காட்டின. கானா அங்கே அவர்கள் வாழ்வின் பாட்டு, குற்றத்தின் அடையாளம் அல்ல. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) சட்டக் கல்லூரி வகுப்பில் நம்மைப் பரியனின் பக்கத்தில் உட்கார வைத்தது. ஆங்கிலப் பாடம் அவனுக்குப் புரியாதபோது அந்தத் தவிப்பு நம்முடையதாகிறது. இங்குள்ள மாணவர்களில் எத்தனை பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நாம் கேட்கத் தேவையில்லை.

செருப்பையும் சொல்ல வேண்டும். ‘அசுரன்’ (2019) படத்தில் செருப்பு அணிந்ததற்காக ஒரு பெண் அவமானப்படுத்தப்படுகிறாள். ஒலிக்கூடத்தில் காலடிச் சத்தத்தைத் தனியே உருவாக்கும் கலைஞருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. சேரியிலிருந்து செருப்புச் சத்தத்தோடு நடந்து வரும் ஒருவர், ஊர்த்தெரு முனையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். மண்ணில் வெறுங்கால் படும் மெல்லிய ஒலி மட்டும் மிஞ்சும். பாத்திர வடிவமைப்பும் ஒலி வடிவமைப்பும் ஒன்று சேரும் இடம் அது. தெருவின் சட்டம் முழுவதும் அந்த மௌனத்துக்குள் இருக்கிறது. இதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லித் தராது. நம் பாட்டிகள் சொல்லித் தருவார்கள்.

நம்மிடமே ஒரு கேள்வி

மற்றவர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது நம் மரபு அல்ல. அண்மைக்காலப் படங்களில் நாயகன் திருப்பி அடிக்க எழும்போதெல்லாம் பறை முழங்குகிறது. நாமும் அரங்கில் கைதட்டுகிறோம். சாவுக்கு மட்டும் என்றிருந்த பறை, சண்டைக்கு மட்டும் என்று மாறினால் அது இன்னொரு கோப்புறைதான். நம் பெண் பாத்திரங்கள் அழுவதற்கும் இறப்பதற்கும் அப்பால் எதைக் கேட்கிறார்கள் என்பதும் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. அந்த மாணவரின் கை தானாக அண்ணனை ரவுடியாக வரைந்ததே, அந்தக் கை நம் எல்லோருக்கும் இருக்கிறது.

நுழைவதற்கான போராட்டமும் முடிந்துவிடவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் பெயரிலேயே கோட்டயம் மாவட்டத்தில் இயங்கும் திரைப்படக் கல்வி நிறுவனத்தில், சாதிப் பாகுபாட்டை எதிர்த்து 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். கேமராவைத் தொடுவதற்கு முன் வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது. நந்தன் நின்ற வாசல் அது.

ஒலி கற்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவியை வாங்கியதும் முதலில் உங்கள் தெருவைப் பதிவு செய்யுங்கள். குழாயடி, ரேஷன் கடை வரிசை, இரவுப் பேருந்து, அம்பேத்கர் பிறந்தநாள் ஒலிபெருக்கி, எதையும் விடாதீர்கள். பறையைப் பதிவு செய்வதானால், அடிப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்குங்கள். வைக்கோல் நெருப்பில் காய்ச்சும்போது தளர்ந்திருந்த தோல் ஈரம் போய் இறுகும். மந்தமான அடி மெல்ல மெல்லக் கணீரென்று மாறும். கையில் ஏந்தி, நீண்ட மூங்கில் சிம்பாலும் குட்டைக் குச்சியாலும் தட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்று மறுபடி நெருப்பில் காட்டுவார்கள். அந்தக் காத்திருப்பும் அந்தக் காதும்தான் கலைஞரின் அறிவு. மற்றவர்கள் கேட்பது சத்தம். அவர் கேட்பது சுருதி.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அந்தப் பதிவை மீண்டும் ஒப்படைத்ததாக மாணவர் எழுதியிருக்கிறார். இம்முறை கோப்பின் பெயரில் தெருவும் தேதியும் அடித்த பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. கீழே ஒரு குறிப்பு: “மாலைப் பள்ளி. பாடம் முடிந்த பின் பழகியது. தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.”

அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஜெய்பீம்.