பக்கத்தில் அமர்ந்தவர்களின் வேட்டை

வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வெற்றிகளையே வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு படைப்பின் குறையே அதன் வாழ்வுக்குக் காரணமாகிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் உருவாக்கிய ‘மான்ஸ்டர் ஹண்டர்’ கையடக்கக் கருவிகளில் வாழ்ந்த ஆண்டுகள் இதற்கு நல்ல சான்று.

2004 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2-இல் வெளியானபோது, இணையத்தில் பலர் கூடி ராட்சத விலங்குகளை வேட்டையாடுவதே அதன் அடிப்படைக் கற்பனையாக இருந்தது. ஆனால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைந்த கருவியை இணையத்தில் சேர்ப்பது அன்று பலருக்கு எளிதான காரியமன்று. 2005 டிசம்பரில் இவ்விளையாட்டு சோனியின் பிஎஸ்பி கைக்கருவிக்கு வந்தது. இதில் இணையவழிக் கூட்டு வேட்டை அறவே இல்லை. அருகருகே இருக்கும் கருவிகள் கம்பியில்லாத் தொடர்பின் மூலம் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நால்வர் வரை சேர்ந்து ஆடலாம். அவ்வளவுதான்.

குறை என்று எவரும் சொல்லக்கூடிய இதுவே ஜப்பானில் ஒரு சமூக வழக்கத்தைத் தோற்றுவித்தது. ஆட வேண்டுமானால் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும். மாணவர்களும் அலுவலகம் செல்வோரும் உணவகங்களிலும் ரயில் நிலையங்களிலும் கருவியோடு கூடினார்கள். 2008-இல் வந்த ‘போர்ட்டபிள் செகண்ட் ஜி’ ஜப்பானில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கூடியவர்கள் தொடர்ந்து ஆடியதற்கு விளையாட்டின் உள்ளமைப்பும் காரணம். இதில் வேட்டைக்காரனுக்கு அனுபவப் புள்ளிகளால் வலிமை கூடுவதில்லை. கூடுவது ஆயுதமும் கவசமும், ஆடுபவரின் சொந்தத் தேர்ச்சியும் மட்டுமே. எதிரியின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு திரையில் இல்லை. விலங்கு நொண்டத் தொடங்கினால், தன் இருப்பிடத்துக்கு ஓடி உறங்க முயன்றால், முடிவு நெருங்குகிறது என்று நாமே அறிந்துகொள்ள வேண்டும். பெருவாளை ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த இயலாது. மருந்து குடிக்க வேண்டுமானாலும் அசையாமல் நின்றே ஆக வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் காலம் என்னும் விலை உண்டு. இது ஒருவகையில் வாசிப்பு. விலங்கின் உடலை வாசிக்கக் கற்றவனே பிழைக்கிறான்.

குறைகளும் சிறியன அல்ல. கருவியில் ஒரே ஒரு திசைக்குமிழ்தான். வேட்டைக்காரனை நடத்துவதும், பார்வைக் கோணத்தைத் திருப்புவதும் இடக்கையின் வேலையாயின. கட்டைவிரலால் குமிழைத் தள்ளியபடி சுட்டுவிரலை நண்டின் கொடுக்குபோல் வளைத்துப் பொத்தான்களை அழுத்தினார்கள். ஜப்பானில் அதற்கு ‘மான்ஹன் பிடி’ என்று பெயரே விழுந்துவிட்டது. நிலப்பரப்பு எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிந்திருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் காத்திருக்க வேண்டும். தொடக்க மணிநேரங்கள் காளான் பறிப்பதிலும் முட்டை சுமப்பதிலும் கழியும்.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று எனக்குத் தெரிகிறது. இயற்கையின் சமநிலையைக் காக்கவே வேட்டை என்கிறது அதன் கதையுலகம். ஆனால் ஓர் அரிய செதிலோ கல்லோ கிடைக்கும்வரை ஒரே விலங்கை இருபது முறை கொல்லும்படி ஆடுபவரைத் தூண்டுவது அதே விளையாட்டின் அமைப்புதான். நொண்டிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும் உயிரை அத்தனை நுட்பமாகச் சித்திரித்தவர்கள், அந்தக் காட்சி எழுப்பும் கேள்வியைத் தொடரவில்லை.

ஜப்பானுக்கு வெளியே இந்த வரிசை நெடுங்காலம் பெருவெற்றி காணவில்லை. பக்கத்தில் அமர்ந்து ஆட ஆள் கிடைக்காத ஊர்களில், தனியே ஆடுபவருக்கு எஞ்சியது கடினம் மட்டுமே. 2010-இல் வந்த ‘போர்ட்டபிள் தேர்ட்’ பிஎஸ்பி பதிப்பாக ஜப்பானுக்கு வெளியே வெளியிடப்படவே இல்லை. 2013-இல் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த நான்காம் பாகம் இணையவழிக் கூட்டு வேட்டையைத் தந்தது. 2018-இல் வெளியான ‘வேர்ல்ட்’ கையடக்கக் கருவியை விட்டே வெளியேறியது. துண்டு நிலங்கள் ஒன்றாயின; நடந்துகொண்டே மருந்து குடிக்கலாம்; உலகெங்கிலும் உள்ளவர்களோடு ஆடலாம். 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. குறைகள் களையப்பட்டதன் பயன் கண்கூடு. அதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் வரலாறு இங்கே ஒரு முடிச்சைப் போட்டிருக்கிறது. 3டிஎஸ் கருவிக்கான இணையச் சேவையை நிண்டெண்டோ 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. முன்னேற்றம் என்று கொண்டாடப்பட்ட வசதி அத்துடன் முடிந்தது. எந்த நிறுவனத்தின் கணினியையும் நம்பியிராத பழைய பிஎஸ்பி பதிப்போ, இரண்டு கருவிகளும் இரண்டு மனிதர்களும் ஒரே மேசையில் இருந்தால் இன்றும் கூட்டு வேட்டைக்குத் தயாராக இருக்கிறது. எவற்றைக் குறை என்று கணக்கெழுதுகிறோம் என்பதை நாம் கொஞ்சம் நிதானித்தே தீர்மானிக்க வேண்டும் போலிருக்கிறது.