பட்டையும் வேரும்: விண்பதியத்தின் வரலாறு

விதையினின்று மரம் தோன்றுதல் இயற்கையின் நெறி. நிற்கின்ற மரத்தின் கிளையிலேயே வேரை வருவித்து, அக்கிளையைத் தனி மரமாக்கிக் கொள்ளுதல் மாந்தன் கண்ட நெறி. கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் அது நிலப்பதியம். வளையாத கிளைக்கு மண்ணையே மேலே கொண்டு சென்றால் அது விண்பதியம். மலாய்க்காரர் இதனைத் 'தூத்' என்பர். கொய்யாக் கிளையில் பட்டையை வளையமாக உரித்து, அவ்விடத்தில் மண்ணும் தேங்காய் நாரும் வைத்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பதை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். கண்டிருப்பரேயன்றி, காயப்பட்ட இடத்தில் வேர் ஏன் பிறக்க வேண்டும் என்று கேட்டிருப்பரா என்பது ஐயமே.

அக்கேள்விக்கு விடை கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். கை அறிந்த காலம் வேறு. நூல் அறிந்த காலம் வேறு. இரண்டிற்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. கொய்யா எளிதில் வேர்விடும் மரமாதலால் அந்த இடைவெளி நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குளிர்நாட்டுப் பீச் மரத்தில் இதே வேலையைச் செய்யப் புகும் புதியவன் ஒருவனுக்கோ அது நன்கு புலப்படும். ஆதலின் இக்கட்டுரை அம்மரத்தில் சென்று முடியும்.

ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் விண்பதியத்தைச் 'சீனப் பதியம்' என்று குறிப்பதுண்டு. பெயரைக் கண்டு வரலாறு எழுதினால் தவறிவிடுவோம் என்பதற்கு இஃது ஒரு சான்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் காட்டோ, இலத்தீன் மொழியில் உழவு பற்றி ஒரு நூல் எழுதினார். அத்தி, ஒலிவம், மாதுளை முதலியவற்றைப் பதியமிடுவது பற்றிப் பேசும் அவர், கூடுதல் கருத்துடன் செய்ய விரும்புவோர்க்கு வேறொரு வழியும் கூறுகிறார். அடியில் துளையுள்ள சட்டியையோ கூடையையோ மரத்தின்மேல் கொண்டு சென்று, அத்துளை வழியே கிளையைச் செலுத்தி, மண்ணிட்டு அழுத்தி, மரத்திலேயே விட்டுவிட வேண்டும். ஈராண்டு கழிந்தபின் கூடைக்குக் கீழே கிளையை வெட்டி, கூடையோடு குழியில் நட வேண்டும். விண்பதியத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இஃது ஒன்று. 'சீனப் பதியம்' என்று பெயரிட்டோர் தம் வீட்டு நூலை மறந்தனர் போலும்.

ஆயினும் காட்டோவின் முறையில் நம் தோட்டக்காரர் செய்யும் முதன்மையான செயல் காணப்படவில்லை. அவர் பட்டையை உரிக்கச் சொல்லவில்லை. ஈராண்டு காத்திருக்கச் சொன்னதற்கும் அது காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

சீனத்திலோ பதியமிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் சியா சிசியே என்பார் தொகுத்த பெரும் உழவு நூல், முசுக்கட்டைக் கிளைகளை முளைகொண்டு தரையில் பிணித்து, மண்ணிட்டு மூடி, மறு ஆண்டு வெட்டி நடுவதை விளக்குகிறது. பட்டுப்புழுவுக்கு இலை வேண்டும். இலைக்கு மரம் வேண்டும். விதை முளைத்து மரமாகும்வரை பட்டு நெய்வோர் காத்திருக்க இயலாது. தேவைதான் அங்கே ஆசிரியர். ஆனால் பட்டையை வளையமாக உரித்தால் வேர் விரைந்து வரும் என்று முதன்முதலில் கண்டவர் யார்? எந்த நாட்டினர்? வங்காளத்திலும் தோட்டக்காரர்கள் இதனைச் செய்தனர். கட்டிய மண்ணுக்கு மேலே துளையிட்ட பானையைத் தொங்கவிட்டு, கயிற்றின் வழியே சொட்டுச் சொட்டாக நீர் இறங்கச் செய்தனர். அக்கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஏட்டில் ஏறிய பெயர் இத்தாலியர் ஒருவருடையது. பொலோஞா நகரைச் சார்ந்த மருத்துவர் மார்செல்லோ மால்பிகி, செடிகொடிகளின் உள்ளமைப்பைப் பற்றி எழுதிய நூலை இலண்டன் அரச கழகம் 1675, 1679 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. அவர் மரக்கிளைகளில் பட்டையை வளையமாக நீக்கிப் பார்த்தார். வளையத்திற்கு மேலுள்ள பகுதி பருத்தது; கீழுள்ள பகுதி பருக்கவில்லை. இலைகளோ வாடவில்லை. நீர் மேலே ஏறும் வழி உள்ளே கட்டையில் இருக்கிறது. இலையில் ஆன உணவு கீழே இறங்கும் வழி பட்டையில் இருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. ஊன்றி நோக்கின், மால்பிகி செய்தது தோட்டக்காரன் செய்த அதே செயல்தான். தோட்டக்காரன் பாசி வைத்துக் கட்டினான். மால்பிகி திறந்து வைத்துப் பார்த்தார். ஒரே வெட்டு ஒருவனுக்கு மரத்தைத் தந்தது. மற்றவருக்கு அறிவைத் தந்தது.

உணவு தேங்குவதால் மட்டும் வேர் பிறந்துவிடுமா? 1880இல் செருமானிய அறிஞர் சூலியசு சாக்சு, வேரைத் தோற்றுவிக்கும் தனிப்பொருள் ஒன்று இலையில் உண்டாகிக் கீழ்நோக்கிச் செல்கிறது என்று கருதினார். அப்பொருளை அவர் கண்டாரல்லர். 1928இல் ஆலந்து நாட்டின் பிரிட்சு வெந்து, ஓட்சு முளையின் நுனியினின்று வளர்ச்சிப் பொருளைப் பிரித்துக் காட்டினார். 'ஆக்சின்' எனப் பெயர்பெற்ற அப்பொருள் வேரையும் வருவிக்கும் என்பது 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் உறுதியாயிற்று. வெட்டின் மேல்விளிம்பில் உணவும் ஆக்சினும் ஒருங்கே தேங்குகின்றன. இருளும் ஈரமும் சூழ்ந்தால் அவ்விடத்திலிருந்து வேர் புறப்படுகிறது. வெட்டு அரைகுறையாக இருப்பின் வேர் வராமல் போவதன் காரணமும் இதனால் விளங்கும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்றுண்டு. அதில் ஓர் இழை எஞ்சினாலும் மரம் அதனைப் பாலமாகக் கொண்டு புதுப்பட்டை வளர்த்துவிடும். தேங்க வேண்டியது கீழே ஓடிவிடும்.

இனிச் சப்பானுக்கு வருவோம். சிறு மரங்களையும் கற்களையும் தட்டில் அமைக்கும் கலை சீனத்தில் தோன்றியது. கி.பி. 706இல் அமைந்த சாங்குவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், பணியாளர் அத்தகைய தட்டை ஏந்தி நிற்பதைக் காணலாம். சப்பானில் 1309ஆம் ஆண்டைச் சார்ந்த கசுகா ஓவியச்சுருளில் சட்டியில் வளர்ந்த மரங்கள் உள்ளன. 'போன்சாய்' என்றால் தட்டில் நட்டது என்பதே பொருள். 1923இல் தோக்கியோவை அழித்த பெருநிலநடுக்கத்திற்குப் பின், இக்கலைஞர் சிலர் 1925 முதல் ஓமியாவில் குடியேறி ஒரு சிற்றூரையே அமைத்தனர்.

சப்பானியர் விண்பதியத்தை 'தொரிகி' என்பர். மரத்தை எடுத்தல் என்பது அதன் சொற்பொருள். மொழியாசிரியன் என்ற முறையில் இச்சொல்லில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. நாம் இடுவதைச் சொல்கிறோம். அவர் எடுப்பதைச் சொல்கின்றனர். போன்சாயில் முதலில் நோக்கப்படுவது அடிமரம் மண்ணைத் தொடும் இடம். அங்கே வேர்கள் நாற்புறமும் விரிந்து பிடித்திருக்க வேண்டும். விதை மரத்தில் இதனைப் பெறப் பல்லாண்டு ஆகும். வளைய வெட்டிலோ சுற்றிலும் வேர் பிறக்கும். கிளை ஏற்கெனவே பருத்திருக்கும். சிலர் இதனைக் காலத்தை ஏமாற்றும் குறுக்குவழி என்பர். நான் உடன்படேன். அக்கிளை பருத்த ஆண்டுகள் தாய்மரத்தில் உண்மையாகவே கழிந்த ஆண்டுகள் அல்லவா?

பீச் மரத்தின் கதை சற்று வருந்தத்தக்கது. (நம் எழுத்தில் இப்பெயரைப் பழத்தின் பெயரோடு மயங்க நேரும், அம்மரம் வேறு.) சப்பானியர் இதனைப் 'புனா' என்பர். அதனை எழுதும் எழுத்தில் மரம் என்னும் குறியும் இல்லை என்னும் குறியும் இணைந்துள்ளன. கட்டை முறுகும், விரைவில் உளுக்கும். ஆதலின் பயனற்ற மரம் எனக் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புனாக் காடுகள் பரந்த அளவில் வெட்டப்பட்டு, அவ்விடங்களில் சுகி மரங்கள் நடப்பட்டன. அவோமோரி, அக்கித்தா மாநிலங்களின் எல்லையிலுள்ள சிராகாமி மலைக்காட்டின் ஊடே சாலை அமைக்கும் திட்டத்தை 1980ஆம் ஆண்டுகளில் மக்கள் எதிர்த்தனர், திட்டம் நின்றது. 1993இல் அக்காட்டின் ஏறத்தாழ 17,000 எக்டர் பரப்பு உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. போன்சாய்க் கலைஞரோ அம்மரத்தின் வெளிறிய பட்டையையும், காய்ந்த பின்னும் வசந்தம் வரை கிளையில் தங்கும் பழுப்பிலைகளையும் நெடுங்காலமாகப் போற்றி வந்தனர்.

இம்மரம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே தளிர்விடும். வெட்டிய குச்சியை நட்டால் எளிதில் வேர்விடாது. எனவே புதியவன் பருவம் பார்க்க வேண்டும். வசந்தத் தளிர் முதிர்ந்து, இலை கடினப்பட்ட பின்னரே கத்தி எடுக்க வேண்டும். இளந்தளிர்க் காலத்தில் கீழ்நோக்கி அனுப்ப இலையிடம் மிச்சம் இராது. கிளையின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு அகலம் பட்டையை நீக்கி, வழவழப்பான வளர்படலம் போகுமாறு கட்டையைச் சுரண்ட வேண்டும். புதியவன் தயங்குவது இங்கேதான். மரம் சாகுமோ என்னும் இரக்கத்தால் மெல்லச் சுரண்டுகிறான். மரமோ அந்த இரக்கத்தையே பாலமாக்கிக் கொள்கிறது. பிறகு ஊறவைத்துப் பிழிந்த சதுப்புநிலப் பாசியை வைத்துக் கட்ட வேண்டும்.

ஒரு காலத்தில் அக்கட்டு உலராதிருக்க நாள்தோறும் நீர் வார்த்தனர். 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் அந்நிலையை மாற்றியது. 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடாவில் லைச்சித் தோட்டத்தினர் பாசியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றினர். ஈரம் வாரக்கணக்கில் நின்றது. வங்காளத்துச் சொட்டுப்பானைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

பீச் மரத்தில் இலையுதிர் காலத்தில் தாளுக்குள் வெண்ணிற வேர் தெரியலாம். மறு ஆண்டு வரை தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தாலும் உடனே வெட்டுதல் கூடாது. வேர்கள் பழுப்பேறிக் கிளைத்து, பாசியை நிரப்பிய பின்னரே கட்டுக்குக் கீழே அறுத்து, பாசியைப் பிரிக்காமல் சட்டியில் வைத்து, காற்றில் ஆடாதபடி கயிற்றால் பிணிக்கின்றனர்.