நுரையீரலுக்குப் பரவும் புற்றுநோய்: குறைந்த கதிர்வீச்சு ஸ்கான் எதைக் காட்டும்?

மார்பகம், பெருங்குடல், சிறுநீரகம், எலும்பு என உடலின் வேறு பகுதிகளில் தொடங்கும் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவலாம். உடலைச் சுற்றிவரும் இரத்தம் முழுவதும் நுரையீரலின் நுண்ணிய குழாய்களைக் கடந்தே செல்வதால், பிரிந்து வரும் புற்றுக்கலங்கள் அங்கே தங்கிவிடுகின்றன. ஆரம்பத்தில் இருமலோ மூச்சுத்திணறலோ இராது. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் சிலரை மீண்டும் மீண்டும் ஸ்கானுக்கு அனுப்புகிறார்கள்.

சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டிகள் விலா எலும்புகளுக்கும் இதயத்துக்கும் பின்னால் மறைந்துவிடலாம். சி.ரி. ஸ்கான் சில மில்லிமீற்றர் அளவானவற்றையும் காட்டும். ஆனால் கதிர்வீச்சு அதிகம். எக்ஸ்ரேயில் ஏறத்தாழ 0.1 மில்லிசீவேட், வழமையான நெஞ்சு சி.ரி.யில் 6 அல்லது 7. குறைந்த கதிர்வீச்சு முறையில் இது 1.5 அளவுக்கு இறங்கும். இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரியே 2.4 மில்லிசீவேட். எலும்புப் புற்றுநோய் வந்த பதின்ம வயதுப் பிள்ளை பல ஆண்டுகள் ஸ்கான் செய்யவேண்டி வரும்போது இந்த வித்தியாசம் பெரியது.

இதற்குத் தனி இயந்திரம் தேவையில்லை, அதே சி.ரி.யில் கதிரின் அளவைக் குறைத்து எடுப்பதுதான். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் கட்டி வெள்ளையாகவும் தெரிவதால், படம் சற்றுப் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் கண்டுகொள்ளலாம். ஈரலையும் நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் இந்தப் படத்தில் தெளிவாகப் பார்ப்பது கடினம். அவற்றையும் பார்க்க வேண்டுமானால் வைத்தியர் முழு அளவு ஸ்கானையே எழுதுவார்.

படத்தில் புள்ளி தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பழைய காசநோயின் தழும்பும் அப்படித் தெரியும். நெஞ்சில் பட்ட பழைய காயத்தின் தழும்பும் அப்படியே.

எங்கள் மக்களில் பலருக்கு உடலில் இன்னமும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. சி.ரி. ஸ்கான் அவற்றை அசைக்காது, சூடாக்காது, பயம் வேண்டாம். ஆனால் உலோகத்தைச் சுற்றிப் படத்தில் கோடுகள் விழும். அருகிலுள்ள சிறு கட்டி அதற்குள் மறைந்துபோகலாம். எம்.ஆர்.ஐ. வேறு கதை. அதன் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கக்கூடும், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் ஆபத்து. காயத்தைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள், அதற்கான காரணங்களும் தெரிந்தவைதான். எப்படிப் பட்டது என்ற கதை ஸ்கான் அறைக்குத் தேவையில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

சந்தேகமான புள்ளியைப் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். வளர்கிறதா என்பதே கேள்வி. அதற்குப் பழைய படம் வேண்டும். இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்தவர்களிடம் அது இராது. இனி எடுப்பவற்றையாவது வைத்திருக்கலாம். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ கிளினிக்குக்குப் போகும்போது அறிக்கையை மட்டுமல்ல, படங்கள் உள்ள சீடியையும் கேட்டு வாங்கி, அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள்.