புதுச் சாமான் போட்டதும் ஓன் ஆகாத பெட்டி: கொழும்பில் கணினி திருத்தும் தொழில்

கொழும்பில் கணினி திருத்தும் தொழில் பெரும்பாலும் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்திய மேசைகளிலிருந்தே கிளம்பியது. 1925 இல் நகரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1979 இல் ஐ.ரி.என்., 1982 இல் ரூபவாஹினி என்று தொலைக்காட்சியும் வந்தது. 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததால் கப்பலில் வந்திறங்கிய ரிவிப் பெட்டிகளைத் திருத்த, ஈயம் பிடிக்கத் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன. உதிரிப் பாகங்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இருந்தது. அரசு 1984 இல் கணினிக் கொள்கைக்கென்று சின்ரெக் பேரவையை அமைத்தது. 1987 இல் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழில்நுட்ப நிறுவகம் உருவானது. அங்கே படித்தவர்களை வங்கிகளும் மென்பொருள் கம்பனிகளும் எடுத்துக்கொண்டன. பெட்டியைக் கழற்றிக் கைவைப்பது சிறு கடைகளின் வேலையாக நின்றது.

1990 களில் அந்தக் கடைகளுக்கு ஆள் சேர்ந்த இடங்களில் வெள்ளவத்தை முக்கியமானது. 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த இந்தக் காலி வீதிப் பகுதி, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் வெளிநாட்டு விசா பார்த்திருந்தவர்களும் தங்கும் இடமாக மாறியிருந்தது. லொட்ஜ், கொமியூனிகேஷன் கடை, கணினி வகுப்பு மூன்றும் அடுத்தடுத்து முளைத்தன. பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா கணினிச் சாமான்களுக்கென்றே பெயரெடுத்தது. முழுக் கணினி ஒன்றை அடிக்கடி புதிதாக வாங்க நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. இந்த வருடம் ராம், அடுத்த வருடம் ஹாட் டிஸ்க், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மதர்போட் என்று பெட்டி துண்டு துண்டாகவே புதிதாகியது. வெவ்வேறு வயதுச் சாமான்களை ஒரே பெட்டிக்குள் குடியிருத்தியதன் விலைதான், “அண்ணை, புது ராம் போட்டதிலயிருந்து ஓன் ஆகுதில்லை” என்று கடைக்கு வந்த முறைப்பாடு.

முதல் தலைமுறைப் பெட்டிகளில் இந்தப் பழுது எளிமையானது, ஆனால் செலவு கூடியது. 1981 இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பவர் சப்ளை 63.5 வாற்று. 1983 இன் எக்ஸ்.ரி.க்கு 130 வாற்று வேண்டியிருந்தது. பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டுக்கு பி8, பி9 என்ற இரண்டு ஒரே மாதிரிச் சொருகிகள் போகும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர வேண்டும். இடம் மாறிச் செருகினால் மதர்போட் கருகிவிடும். ‘கறுப்போடு கறுப்பு’ என்பது அன்று வேலை பழக வந்த பெடியனுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடங்களில் ஒன்று. ஏ.ரி. வகைப் பெட்டிகளின் முன்பக்கச் சுவிச்சுக்கு 230 வோல்ற் மின்சாரம் நேரடியாகவே வந்தது. சுவிச்சைத் தட்டினால் மின்சாரம் பாயும், திருப்பித் தட்டினால் அறும்.

1995 இல் இன்ரெல் கொண்டுவந்த ஏ.ரி.எக்ஸ். அமைப்பு இதைத் தலைகீழாக்கியது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. புதிய பெட்டியின் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. மதர்போட்டின் ஓரத்தில் உள்ள இரண்டு சிறு ஊசிகளை ஒரு கணம் இணைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மதர்போட் அதைக் கேட்டு, பச்சை வயர் வழியாகப் பவர் சப்ளையை எழுப்பும். பவர் சப்ளை தன் வோல்ற் அளவுகள் சரியென்று கண்டபின் சாம்பல் வயரில் ‘சரி’ என்ற சைகையைத் திருப்பி அனுப்பும். அதற்குப் பிறகுதான் புரொசசர் வேலையைத் தொடங்கும். கட்டளையாக இருந்த சுவிச்சு விண்ணப்பமாகிவிட்டது. விண்ணப்பம் என்றால் மறுக்கவும் ஆள் உண்டு. உள்ளே எங்கோ ஒரு ஷோர்ட் இருந்தால் காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பொத்தானின் வயரை ஓர் ஊசி தள்ளிச் செருகினால் அதுகூட நடக்காது.

இன்னொரு பொறியும் அதோடு வந்தது. ஏ.ரி.எக்ஸ். பெட்டி அணைந்திருந்தாலும், பிளக் சுவரில் இருக்கும்வரை ஊதா வயரில் 5 வோல்ற் காத்திருக்கும். பழைய பழக்கத்தில் ‘ஓவ் பண்ணியாச்சுத்தானே’ என்று ராமைப் பிடுங்கி மாற்றியவர்கள் ராமையும் மதர்போட்டையும் சேர்த்துப் பறிகொடுத்தார்கள். பிளக்கைக் கழற்றி, பொத்தானை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுப் பெட்டிக்குள் கைவைப்பது அதன்பின்தான் வழக்கமானது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் வாடிக்கையாளர் வேறு மாதிரி. 1930 இல் தொடங்கிய வீரகேசரி நாளிதழ் அயலில் கிராண்ட்பாஸில் அச்சானது. அதைச் சுற்றிய வீதிகளில் கல்யாணக் கார்ட், நோட்டீஸ், பாடக்குறிப்பு அடிக்கும் சிறு அச்சகங்கள் இருந்தன. ஈய எழுத்து போய்ப் பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி எழுத்துருவும் வந்தபின், கணினி எழும்பாத நாளில் அச்சகத்துக்கும் வேலை இல்லை. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் கார்ட் கோப்பு ஹாட் டிஸ்கில் அகப்பட்டுக்கொண்டால், பெட்டியைத் திருத்துவது பிறகு, டிஸ்கைக் கழற்றி வேறொரு பெட்டியில் மாட்டிக் கோப்பை எடுப்பது முதலில். வேலை தெரிந்தவர்கள் இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை.

2000 இல் பென்ரியம் 4 வந்தபோது புரொசசருக்கென்று தனியாக நான்கு ஊசிச் சொருகி ஒன்று சேர்ந்தது. புது மதர்போட்டைப் பழைய பெட்டியில் பூட்டியவர்கள் அதைக் கவனிக்காமல் விடுவார்கள், அல்லது பழைய பவர் சப்ளையில் அது இருக்கவே இருக்காது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சில ஆண்டுகளில் பெரிய சொருகியும் 20 ஊசியிலிருந்து 24 ஆனது. அதே காலத்தில் உலகம் முழுவதும் தரக்குறைவான கப்பாசிற்றர்கள் மதர்போட்டுகளில் ஏறியிருந்தன. அவற்றின் தட்டையான தலை உப்பி, பழுப்பு நீர் கசியும். பழைய சுமையில் எப்படியோ ஓடிய அந்தப் போட், கூடுதல் ராமும் வேகமான புரொசசரும் ஏறியவுடன் படுத்துவிடும். பழி புதுச் சாமான்மேல் விழும். ரிவி திருத்திப் பழகிய கைக்கு இந்தக் கப்பாசிற்றரை மாற்றுவது பெரிய காரியமல்ல.

கடையின் மேசையில் நடப்பது இன்றும் ஏறத்தாழ அதே முறைதான். சுவர்ச் சொக்கட்டிலிருந்து தொடங்குவார்கள். வட்டக்கால் 5 ஆம்பியரும் 15 ஆம்பியரும் சதுரக்கால் 13 ஆம்பியரும் கலந்து கிடக்கும் வீடுகளில் தளர்ந்த அடப்ரரே பல தடவை குற்றவாளி. அடுத்தது பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிச்சும், பழைய வகையென்றால் 115, 230 என்று மாறும் சிவப்புச் சுவிச்சும். பிறகு கடைசியாகப் போட்ட சாமானைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதன் பின்னும் அசையாவிட்டால் மதர்போட்டை முழுதாக வெளியே எடுத்து அதன் கார்ட்போட் பெட்டியின் மேல் வைப்பார்கள். கேசுக்குள் தேவையற்ற இடத்தில் பூட்டிய ஒரு பித்தளைத் தூண் போட்டின் அடியைத் தொட்டு ஷோர்ட் ஆக்கியிருந்தால், வெளியே வந்ததும் எழும்பிவிடும்.

போட்டில் புரொசசர், ஒரு ராம், பவர் சப்ளை மட்டும் மிஞ்சும். பவர் சப்ளையைத் தனியே சோதிக்க, அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் வளைத்த கிளிப்பால் இணைத்தால் போதும். போட்டைச் சோதிக்க, ஸ்குறூ டிறைவர் நுனியால் பொத்தானுக்குரிய இரண்டு ஊசிகளைத் தொடுவார்கள். போட் விழித்தால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஸ்பீக்கர் இருந்தால் அதுவும் பேசும். அவார்ட் பயோஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குறு ஒலியும் வந்தால் வரைகலை அட்டையைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் முன்பே, பள்ளிக்கூட அழிரப்பரால் ராமின் பொன் பற்களைத் தேய்த்துச் செருகுவது பாதிப் பெட்டிகளை எழுப்பிவிடும் என்பது தொழிலாளர் நம்பிக்கை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது என்பதால், அந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு.

மின்வெட்டும் இந்தத் தொழிலுக்கு வேலை கொடுத்தது. நீர்மின்சாரத்தை நம்பிய நாட்டில் மழை பொய்த்த 1996 இலும் 2001 இலும் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. அது திரும்பி வரும் கணத்தின் வோல்ற் ஏற்றம், ஏற்கெனவே தளர்ந்திருந்த பவர் சப்ளைகளை முடித்துவைத்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம்வரை போனது. அதே ஆண்டில் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ஐத் தொட்டது. புதுக் கணினி எட்டாக் கனியாகி, பழைய பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. போட்டு ஓட்டும் காலம் திரும்பவும் வந்தது.

புதுச் சாமான் போட்டதும் எழும்பாத பழுது மடிக்கணினிகளில் குறைந்து வருகிறது. பலவற்றில் ராம் போட்டோடு ஈயம் பிடித்தே வருவதால் மாற்ற ஒன்றுமில்லை. விளையாட்டுக்காகப் பெட்டி கட்டும் இளைஞர்களிடம்தான் அது மிச்சமிருக்கிறது. மதர்போட்டின் ஸ்லொட் ஒரு வரைகலை அட்டைக்கு 75 வாற்று மட்டுமே தரும். மிச்சத்தை ஆறு ஊசிச் சொருகி 75, எட்டு ஊசிச் சொருகி 150 என்று தனியாகக் கொண்டுவர வேண்டும். லேபிளில் மட்டும் 450 வாற்று எழுதிய மலிவுப் பவர் சப்ளைகள் இந்த இடத்தில்தான் பிடிபடுகின்றன. 2022 இல் வந்த 16 ஊசிச் சொருகி ஒன்றே 600 வாற்றுவரை தாங்கும்படி அமைந்தது. முழுதாக அமுக்காமல் விட்ட இடங்களில் அது சூடேறி உருகியது. 2023 இல் திருத்திய வடிவத்தில் உணர் ஊசிகளைக் குட்டையாக்கினார்கள். சொருகி கடைசிவரை உள்ளே போகாவிட்டால் அட்டைக்கு மின்சாரம் வராது.