பாட்டோடு ஒட்டிக்கொண்ட பாஸ்

திருவாரூர்–மன்னார்குடி சாலையில் உள்ள கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். கடல்கடந்து சம்பாதிக்கப் போனவர்கள் ஊர் திரும்பியபோது, சென்ட்டு, துணிமணியோடு ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட்டும் வந்து இறங்கியது. அதன் முகப்பில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் வரிசையாக இருக்கும். அதுதான் ஈக்வலைசர். இன்று எம்பி3 பாட்டுக்கு பாஸ் என்ற அடித்தொனியை ஏற்றி அப்படியே சேமித்துவிடுகிறோமே, அதற்குப் பாட்டன் இந்தக் குமிழ்கள். முப்பாட்டன் தொலைபேசிக் கம்பி.

கம்பி நீள நீளக் குரலின் உச்ச ஒலிகள் தேய்ந்தன. அதை ஈடுகட்டப் பூட்டிய மின்சுற்றே ஆதி ஈக்வலைசர். பேசும்படம் வந்த பிறகு, 1930களில் ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர் ஜான் வோக்மன் அதை வேண்டியபடி மாற்றக்கூடியதாக்கித் திரையரங்குக்குக் கொண்டுபோனார்.

அடுத்தது இசைத்தட்டு. பாஸை முழுசாக வெட்டினால் பள்ளம் அகலமாக நெளிந்து இடத்தைத் தின்னும், முள்ளும் துள்ளும். ஆளுக்கொரு கணக்கில் வெட்டிக்கொண்டிருந்த அமெரிக்க நிறுவனங்கள் 1954இல் ஒரே கணக்குக்கு வந்தன. வெட்டும்போது பாஸைக் குறைத்து, உச்ச ஒலிகளான ட்ரெபிளைக் கூட்டுவது. ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்குவது. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற நாணயம் அதில் இருந்தது.

1963இல் பெர்லினில் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதோடு நாணயம் கெட்டது. எண்பதுகளில் தமிழ்நாட்டு ரெக்கார்டிங் சென்டர்களுக்குத் துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியலோடு போவார்கள். அறுபது நிமிடமா, தொண்ணூறா என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் காலிக் கேசட்டை டெக்கில் போடுவார். இசைத்தட்டுக்கும் டெக்குக்கும் நடுவே ஈக்வலைசர். கேட்டால் எக்கோவும் உண்டு. சிங்கப்பூரில் படமாகி 1978இல் வந்த ‘ப்ரியா’வின் ஸ்டீரியோ பாட்டானாலும் சரி, மைக்கே வேண்டாத குரல் என்று பெயரெடுத்த நாகூர் ஹனிபாவின் பாட்டானாலும் சரி, கடைக்காரரின் காதுக்குப் பிடித்த அளவில்தான் நாடாவில் ஏறியது. ‘நம்ம கடைப் பதிவு’ என்ற கௌரவமே அதில்தான். உண்மையில் அவர் சரிசெய்தது பாட்டை அல்ல, தன் கடை ஸ்பீக்கரை. அந்த ஸ்பீக்கரின் குறை, நகலுக்கு நகல் எல்லா வீட்டுக்கும் போனது.

1995இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தங்கள் கோப்புக்கு ‘.எம்பி3’ என்று வால் வைத்தார்கள். 2000இல் வந்த ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள், ரெக்கார்டிங் சென்டரை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்தது. ஆனால் எம்பி3யைப் பிரித்து, பாஸ் ஏற்றி, மறுபடி எம்பி3யாகச் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் கொஞ்சம் உதிரும். உச்ச அளவைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பிறகு பாஸைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட தலை மறுபடி முளைக்காது.

எம்பி3கெயின் என்ற மென்பொருள் மட்டும் பழைய நாணயத்தைக் காப்பாற்றியது. கோப்பின் ஒவ்வொரு துண்டிலும் உள்ள ஒலியளவு எண்ணை மட்டும் அது 1.5 டெசிபல் படிகளாக மாற்றும். மறுபடி சுருக்கும் வேலை இல்லை. ஏற்றியதை அப்படியே இறக்கிவிடலாம். ஆனால் அதில் கூடுவது மொத்தச் சத்தம்தான். பாஸ் தனியாகக் கூடவில்லை என்றால் நம்மவர்களுக்கு அதனால் என்ன பிரயோசனம்? ‘பாஸ் பூஸ்டட்’ கோப்பையே தேடி இறக்கி, போனிலும் பாஸைக் கூட்டி, காரின் சப்வூஃபரில் மூன்றாம் முறையாக ஏற்றிக் கேட்கிறார்கள்.