உஷா ஏந்திய துப்பாக்கி

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டையொட்டி ஏ.வி.எம். நிறுவனத்தாரின் ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. தொடக்கத்திலேயே கதைத்தலைவன் இராசன் சுடப்பட்டு வீழ்கிறான். அவ்வேடம் சிவாஜி கணேசனுடையது. கொன்றவர் யாரென்னும் வினாவே எஞ்சிய கதை. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதலால் எஸ். பாலசந்தர் இதனை இயக்கினார். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ஒவ்வோர் இராசன் தோன்றுகிறான். வீணையால் பெரும்புகழ் எய்திய பாலசந்தரே பாட்டில்லாப் படம் எடுத்தார் என்பது வியப்புக்குரியது.

நிழலும் குற்றமும் பின்னிய இத்தகைய படங்களைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ‘நுவார்’, அஃதாவது கருமை, என்றனர். அமெரிக்கக் கருமைப் படங்களில் பெண் பெரும்பாலும் ஆடவனை மயக்கி அழிவுக்கு இழுப்பவள். 1944இல் வந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’யில் காப்புறுதிப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லச் சூழ்கிறாள் மனைவி. ‘அந்த நாள்’ இதனைத் தலைகீழாக்கியது. நாட்டு மறைச்செய்திகளைச் சப்பானியருக்கு விற்பவன் கணவன். அவன் உயிரைக் கவர்ந்தது மனைவி உஷாவின் கைத்துப்பாக்கி.

உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். கன்னட நாட்டிலிருந்து வந்த இவர், 1952இல் ‘பராசக்தி’யில் விமலாவாகத் தமிழர் நெஞ்சில் இடம்பெற்றார். 1954இலேயே கன்னடத்தில் ‘பேடர கண்ணப்பா’வில் இராஜ்குமாருக்கு இணையானார். இரு மொழிகளின் இருபெரும் நடிகர்களும் கதைத்தலைவராக அறிமுகமானபோது உடன்நின்றவர் இவரே. உஷாவின் மருமம் இறுதிவரை காக்கப்படுவதற்குக் கதையமைப்பு மட்டும் காரணமன்று. அந்த அமைதியான முகத்தை எவரும் ஐயுறார்.

பேராக் வாசகர்க்கு இக்கதை வேறொரு நினைவையும் எழுப்பும். படத்தின் களம் சப்பானியர் குண்டுவீச்சுக்கு ஆளான சென்னை. காலம் 1943 அக்டோபர். ஈப்போவோ 1941 டிசம்பரிலேயே சப்பானியர் கைக்குப் போய்விட்டது. நம் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பாதையின் இரு முனைகளும் இணைந்ததும் அதே அக்டோபரில்தான். அம்மாதம் 21இல் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் இலட்சுமி. பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்களும் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர். உஷா நாட்டுப்பற்றால் சப்பானியரின் ஒற்றனைச் சுட்டாள். இப்பெண்களோ அதே நாட்டுப்பற்றால் சப்பானியரோடு அணிசேர்ந்த படையில் நின்றனர். இம்முரணை அப்படம் தொடவேயில்லை. கடலுக்கு இப்பால் வாழ்ந்த தமிழர் அதன் கண்ணிற் படவில்லை போலும்!

மக்கள் அன்று பாட்டில்லாப் படத்தை ஏற்கவில்லை. மதிப்புப் பின்னரே வந்தது. பண்டரிபாய்க்கும் அத்தகைய வேடம் மீண்டும் அரிதாயிற்று. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) தமக்கை, ‘குடியிருந்த கோயி’லில் (1968) எம்.ஜி.ஆரின் தாய், ‘தெய்வ மக’னில் (1969) ஒரு சிவாஜிக்கு மனைவியும் இரு சிவாஜிக்குத் தாயும்! ஆடவர் இளமையோடு நிற்க, உடன் நடித்த பெண் அன்னையாகிவிடும் திரையுலக வழக்கத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1992இல் ‘மன்னன்’ படத்தில் ரஜினிகாந்தின் தாயாகவும் தோன்றினார். 2003 ஜனவரி 29இல் சென்னையில் காலமானார்.