பம்பாயைக் காணாமல் படைத்த இன்ஸ்பெக்டர்

செல்வர் மாளிகையில் ஒருவர் அடிபட்டு வீழ்கிறார். வீட்டாரோ வாய் திறவார். விசாரிக்கப் போலீஸ் அதிகாரி வருகிறார். ஆங்கிலத் துப்பறியும் புதினத்தின் பழகிய அமைப்பு இது. இதனை 1964இல் நம் பம்பாய்க்குக் கொணர்ந்தவர் எச். ஆர். எப். கீட்டிங். முன்னர் அவர் எழுதியவற்றில் ஆங்கில வாடை மிகுதி என்று அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஏற்கவில்லையாம். அதன் விளைவாகவே பம்பாய்க் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் கோட்டே பிறந்தார். வியப்பு யாதெனில், கீட்டிங் அதுகாறும் இந்நகரைக் கண்டதேயில்லை! ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே இங்கு வந்திறங்கினார்.

'தி பெர்பெக்ட் மர்டர்' என்னும் அம்முதல் நூலில் தாக்குண்டவர் பெர்பெக்ட் என்னும் பார்சிச் செயலர். வழக்கின் பெயர் கொலை, ஆளோ இறக்கவில்லை. அதே வேளையில் அமைச்சரின் மேசையிலிருந்து மறைந்த ஒரேயொரு ரூபாயையும் கோட்டே தேடியாக வேண்டும்! கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு இவ்விடத்தில் சிரிப்பும் வரும், பெருமூச்சும் வரும். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்' நூலில் உலவவிட்ட துப்பறியும் கோவிந்தனைப் படித்து வளர்ந்த நமக்கு, மேலதிகாரியைக் கண்டு நடுங்கும் துப்பறிவாளர் புதியவர். நடுங்கியவாறே அவர் உண்மையை விடாது பற்றுகிறார். மாட்டுங்காவில் ரயிலேறி எதிரே அமர்பவர்களிடம் அம்முகத்தை நான் பன்முறை கண்டிருக்கிறேன். ஊரைக் காணாதவர் அதனை எங்ஙனம் கண்டார்?

1988இல் அந்நூல் திரைப்படமானபோது கோட்டேயாக நடித்தவர் நசிருத்தீன் ஷா.